கூடத்தில் ஓர் இரவல் சோபா

என் தம்பி பெண்டாட்டிக்கு பஸ் டிப்போவில் வைத்திருக்கும் பெயர் ஹாரன். அங்கே அவள் பஸ் கழுவுகிறாள். கழுவும் இடத்தில் நின்றுகொண்டு "பின்னாடி எடுங்க" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், மறு கோடியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வீட்டிலும் அதே குரல்தான். குழந்தையைத் தூங்க வைக்க இவள் தாலாட்டுப் பாட ஆரம்பித்தால், மாடி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் அவளுக்கு நாத்தனார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். தம்பி நெடுந்தூர லாரி ஓட்டுகிறான். வாரத்தில் ஒருநாள் வந்து தலையைக் காட்டுவான், சாப்பிடுவான், தூங்குவான், கிளம்பிவிடுவான். மற்ற நாட்களில் மூன்றாவது மாடியில் அந்த ஒற்றை அறையிலும் சமையல்கட்டிலும் நாங்கள் மூன்று பேர்தான். நான், ஹாரன், இரண்டரை வயதுப் பொடி. பொடி என்பது குழந்தை. பார்க்கத்தான் பொடி, அதிகாரம் எல்லாம் பெரியது.

ஹாரனுக்கு விடிகாலை ஷிப்ட். தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சக்கரத்துச் சேற்றை அடித்து, நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் பஸ்ஸின் உச்சியைத் தேய்த்து, சீட்டுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் சூயிங்கம்மைத் தகட்டால் சுரண்டுவது அவள் வேலை. கழுவி முடித்த பஸ்ஸை எடுத்து வரிசையில் நிறுத்த டிரைவர்களுக்குச் சோம்பல். "நீயே எடுத்து விடேன்" என்று சாவியைக் கொடுத்துக் கொடுத்து, அவளை டிப்போ மதிலுக்குள் ஒரு டிரைவராகவே ஆக்கிவிட்டார்கள். கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுத்து, இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கீறல் விழாமல் செருகிவிடுவாள். மதிலுக்கு வெளியேதான் அவளுக்கு ஓட்டத் தடை.

அந்தத் தடையும் நீங்கப் பார்த்தது. டிரைவர் பயிற்சிக்குக் கழுவுகிறவர்களிலிருந்தும் ஆள் எடுப்பதாக டிப்போ அறிவித்தது. ஹாரன் பெயர் கொடுத்தாள், பெயர் வந்தும்விட்டது. ஆறு மாதப் பயிற்சி, காலையிலிருந்து மாலை வரை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தொடக்கம். அதற்குள் குழந்தைக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வர வேண்டும், பாதியில் லீவு கேட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மேலாளர் முன்பே சொல்லிவிட்டார்.

இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. நான் வீட்டில் இருக்கிறேன். பொடி பிறந்ததிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் பார்க்கிறவள் சாயங்காலம் வரை பார்த்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும். ஆனால் ஹாரன் டிப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் போய் இடம் கேட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஒரு இடம் காலியா இருக்காம்க்கா. ஆனா பணம்தான் கையைக் கடிக்குது. என் சம்பளத்துல முக்காவாசி அங்கயே போயிடும்."

"எதுக்கு இடம்? நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், தெரியலையா?"

"தெரியுதுக்கா. அதனாலதான்."

அதனாலதான் என்றால் என்ன அர்த்தம்? கேட்டேன். சிரித்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம். இரண்டரை வருஷம் மூக்கைத் துடைத்து, சோறூட்டி, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் நான். இப்போது டிரைவரம்மாவுக்கு என் வளர்ப்பு போதவில்லை, காசு கொடுத்து வெளி ஆளிடம் விடவேண்டும் போலிருக்கிறது. இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மனது வலித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் பாட்டுக்குப் பணத்துக்கு வழி தேடப் புறப்பட்டாள். இங்கேதான் ஹாரனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உதவி கேட்பதென்றால் எனக்கெல்லாம் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும். அவளுக்கு அந்த வியாதியே கிடையாது. பஸ்ஸில் சில்லறை கேட்பதுபோல் நிமிர்ந்து நின்று கேட்பாள். கூச்சமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டதற்கு, "கேக்கறது என் வேலை. இல்லைன்னு சொல்றது அவங்க வேலை. அவங்க வேலையையும் நானே பாக்கணுமா?" என்றாள்.

முதலில் டிப்போ நலநிதியில் கேட்டாள். அது டிரைவர்களுக்கு மட்டும்தான், கழுவுகிறவர்களுக்கு இல்லை என்றார்கள். "நான் டிரைவர் ஆகறதுக்குத்தானே கேக்கறேன்" என்றாள். ஆனபிறகு வா என்றார்கள். தொழிற்சங்கத்தில் கேட்டாள். அங்கே அனுதாபம் தாராளமாகக் கிடைத்தது. காப்பகத்து அம்மாவிடமே திரும்பப் போய், "குறைக்க முடியுமா?" என்று நேராகக் கேட்டாள். அந்த அம்மா நல்லவர். "என்னால குறைக்க முடியாது. ஆனா நகராட்சியில ஒரு உதவித்தொகை இருக்கு. வேலைக்குப் போறவங்களுக்கும் வேலை கத்துக்கறவங்களுக்கும் காப்பகப் பணத்துல பெரும்பகுதிய அவங்களே கட்டிடுவாங்க. நிறையப் பேருக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டாங்க" என்றார்.

மறுநாளே நகராட்சிக்குப் போனாள். மூன்று ஜன்னல் மாறி நான்காவது ஜன்னலில் சரியான ஆளைப் பிடித்து, டிப்போவில் கொடுத்த பயிற்சிக் கடிதத்தையும் தம்பியின் சம்பள விவரத்தையும் நீட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றதும் ஹாரனின் கண் அறையைச் சுற்றியது. எங்கள் கூடத்தில் என்ன இருக்கிறது? ஒரு பாய், ஒரு பெட்டி, துணி மாட்டும் கயிறு, பொடி பஸ் ஓட்டுவதற்குக் கையில் பிடித்துக்கொள்ளும் ஒரு பாத்திர மூடி. வருகிறவர் உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை.

"இப்படியா ஒரு ஆபீசரை உக்கார வைக்கிறது?" என்றாள்.

"உதவி கேக்கற வீடு இப்படி இருந்தாத்தானே நல்லது?"

"கேக்கறவங்க கந்தலைக் கட்டிட்டுத்தான் கேக்கணும்னு சட்டமாக்கா? வர்றவங்க, இது மரியாதையான குடும்பம், குழந்தைய நல்லா வளப்பாங்கன்னு நினைக்க வேண்டாமா?"

இவளிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. மேலும், உள்ளதைச் சொன்னால், எனக்கும் அவள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் பட்டது. வீட்டுக்கு ஆள் வந்தால் நல்ல தட்டை எடுத்து வைப்பவர்கள்தானே நாம். அலுவலர் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன அன்று, ஒரே காலைப் பொழுதில் கட்டடம் முழுக்க எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. தரைத்தளத்து முடிதிருத்துபவர் தன் கடையில் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் சிவப்பு சோபாவைக் கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த ஊரார் முடியை எல்லாம் ஒட்டுநாடாவால் எடுத்தது நான். மாடி வீட்டு எலெக்ட்ரீசியன் தன் டிவியைத் தூக்கிவந்தார். அது எங்கள் சுவரைவிடக் கொஞ்சம்தான் சின்னது. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், யார் கேட்டும் தராத தன் சாய்வு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆபீசரை இதுல உக்கார வை. ஆனா நாலு மணிக்கெல்லாம் எனக்குத் திரும்ப வேணும், என் முதுகு தாங்காது" என்றார். மூன்று மணிக்கு வருகிறவர் நாலு மணிக்குள் போகாமலா இருப்பார் என்று ஹாரன் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தாள்.

பொடிக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. தன் பஸ் போகும் சாலையில் சோபாவைப் போட்டு மறித்துவிட்டார்கள் என்று, பாத்திர மூடியும் கையுமாக அதன் முன்னால் நின்று அழுதாள்.

அலுவலர் வந்தபோது நாலரை தாண்டிவிட்டது. முன்னால் பார்த்த வீடுகளில் நேரமாகிவிட்டதாம். ஒல்லியான அம்மா, தோளில் கனமான பை, மூக்கில் நிற்காமல் சரியும் கண்ணாடி. தபால்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சோபாவைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்க்க அவர் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது.

"வசதியாத்தான் இருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க மேடம். ஒரு குறையும் இல்லை" என்றாள் ஹாரன், பெருமையாக.

நான் பின்னாலிருந்து கிள்ளினேன். அவளுக்கு உறைக்கவில்லை.

"சந்தோஷம். அப்போ உதவித்தொகை எதுக்கும்மா? இதைவிடக் கஷ்டத்துல இருக்கறவங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்க."

ஹாரன் வாயைத் திறந்தாள், மூடினாள். இரவல் என்று சொன்னால் ஏமாற்றப் பார்த்ததாக ஆகும், சொல்லாவிட்டால் பணம் போகும். திருதிருவென்று விழித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பேச்சில்லாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். அவள் மேல் இருந்த கோபத்தையும் மீறி எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தபால்காரர், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்க. நாலு மணின்னு சொன்னீங்க. என்னால முடியலை."

அலுவலர் அவரைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். எழுந்துகொண்டார். தபால்காரர் நன்றி சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். அலுவலர் சோபாவுக்கு மாறி உட்கார்ந்தார்.

அது சூடாவதற்குள் முடிதிருத்துபவர் கழுத்தில் துண்டோடு வந்துவிட்டார். "கடையில மூணு பேர் நின்னுட்டிருக்காங்கம்மா. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். பாதி வெட்டுன தலையோட ஒருத்தரை விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார். அலுவலர் மறுபடி எழுந்தார். மறுமுனையை நான் பிடித்தேன். வேறென்ன செய்வது? வாசற்படியில் சோபா மாட்டிக்கொண்டபோது, "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்று வழி சொன்னது அந்த அலுவலரம்மாதான்.

கடைசியில் எலெக்ட்ரீசியனின் மகள்கள் இருவரும் படியிறங்கி வந்தார்கள். டிவியில் கிரிக்கெட் ஆட்டம் ஆரம்பித்துவிட்டதாம். அலுவலர் யாரும் கேட்பதற்கு முன்பே போய் டிவியின் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, பெரியவள் கையில் கொடுத்தார்.

கூடம் பழைய கூடமாகிவிட்டது. பாய், பெட்டி, கயிறு. தன் சாலை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் பொடி மூடியைத் திருப்பிக்கொண்டு "பீப் பீப்" என்று சுவரிலிருந்து சுவருக்கு ஓடினாள். அலுவலர் பாயில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"இன்னும் யாராவது வரணுமா?"

"இல்ல மேடம், அவ்வளவுதான். ஏமாத்தணும்னு இல்ல. நீங்க வர்றீங்களேன்னு..." என்றாள் ஹாரன்.

"புரியுது. எங்க வீட்டுக்கு யாராவது வந்தா எங்க அம்மா பக்கத்து வீட்டுப் பீங்கான் கோப்பைதான் கேட்டு வாங்குவாங்க. சரி, முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

ஆரம்பித்தார். வருமானம், வாடகை, பயிற்சி நேரம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

"பகல்ல பாத்துக்க வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த உதவி கிடைக்காது. அதான் விதி. இவங்க வீட்டுல சும்மாதானே இருக்காங்க?"

எனக்கு விதி புரிந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் காப்பகம் இல்லை. பொடி என்னிடமே இருப்பாள். நான் இரண்டு வாரமாக ஆசைப்பட்டது அதுதான். அவளுக்கும் நஷ்டமில்லையே, நான் பார்த்துக்கொண்டால் பயிற்சிக்குப் போகலாமே என்று நினைத்து, ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"சும்மா இல்ல மேடம்" என்றாள் ஹாரன். அவளால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

"அக்கா கண்ணாடிக் கடையில வேலை பாத்தவங்க. லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி சக்கரத்துல தேய்ச்சுப் பொருத்தறது. பாப்பா பொறந்தப்ப, முட்டி வலிக்குது, இனிமே நின்னு வேலை பாக்க முடியாதுன்னு விட்டுட்டு வந்துட்டாங்க. நாங்களும் நம்பிட்டோம். அன்னைல இருந்து பாப்பாவை இடுப்புல வெச்சுட்டு மூணு மாடி ஏறி இறங்கறாங்க. ஒருநாளும் முட்டி வலிச்சு நான் பாக்கலை. ரோட்டுல போனா எதிர்ல வர்றவங்க முகத்தைப் பாக்க மாட்டாங்க, கண்ணாடியத்தான் பாப்பாங்க. இவனுக்கு யாரோ கோணலா போட்டு விட்டிருக்கான்னு முணுமுணுத்துட்டே வருவாங்க. கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. அதனால நானே கடைக்காரரைப் போய்ப் பாத்தேன். ஒண்ணாம் தேதி வரச் சொல்லுன்னார். எனக்குப் பயிற்சி, அக்காவுக்குக் கடை. பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். பாப்பாவுக்குத்தான் ஒரு இடம் வேணும்."

எனக்கு முட்டி வலித்ததே இல்லை. அன்றைக்கு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது, என்னால் விட முடிந்தது, விட்டேன். அதை யாரிடமும் சொல்லி, அவர்கள் தலையில் கடனாக ஏற்றிவைக்க எனக்கு இஷ்டமில்லை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வாயாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அதனாலதான்" என்று சிரித்தது இதற்குத்தானா? நான் இரண்டு வாரம் தூக்கி வைத்திருந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அலுவலர் என்னையே பார்த்தார். "அப்படியாம்மா? வேலைக்குப் போறீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அழுதுவிடுவேன். அழுதால் மானம் போய்விடும். அவர் மூக்கிலிருந்து கண்ணாடி மறுபடி சரிந்தது.

"உங்க இடது கண்ணு லென்ஸை யாரு போட்டது?" என்றேன். "வந்ததுல இருந்து பாக்கறேன். ஃப்ரேமுக்குள்ள ஆடுது. அளவு குறைச்சுத் தேய்ச்சிருக்கான். சாயங்காலமானா தலை வலிக்குமே?"

"வலிக்கும்" என்றார் அவர், ஆச்சரியமாக.

"ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் கடைக்கு வாங்க. சரியா பண்ணித் தரேன். எல்லாருக்கும் உள்ள விலைதான், குறைக்க மாட்டேன்."

ஹாரன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் அங்கேயே அழுது தொலைத்திருப்போம். அலுவலர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். போகும்போது பொடியிடம், "பஸ் எங்க போகுது?" என்று கேட்டார். "உள்ள ஏறு" என்றாள் பொடி.

மாதம் முடிவதற்குள் சரி என்று தகவல் வந்தது. காப்பகப் பணத்தில் பெரும்பகுதி நகராட்சி கட்டும், மிச்சத்தை நாங்கள் கட்ட வேண்டும். ஹாரன் செய்தியைக் கேட்டபோது பஸ்ஸின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாளாம். சந்தோஷத்தில் குழாயோடு திரும்பி, மேலாளரை நனைத்துவிட்டாள். அவரும் அன்றைக்குத் திட்டவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் பொடியைக் காப்பகத்தில் விட்டேன். அவள் மூடியைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றேன். அப்புறம் நடந்தேன்.

கடையில் என் சக்கரம் அதே ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அந்த இடத்தில் இருந்தவன் சக்கரத்தின் விளிம்பை எல்லாம் கெடுத்து வைத்திருந்தான். திட்டிக்கொண்டே சரிசெய்தேன். கை எதையும் மறக்கவில்லை. பதினொரு மணி இருக்கும், யாரோ ஒரு மாணவியின் லென்ஸைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பஸ் சத்தம் கேட்டது. 'பயிற்சி' என்று பலகை மாட்டிய பஸ் என்று பிறகு சொன்னார்கள். பயிற்சிக்காரர்கள் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது விதி. அடிக்கவும் இல்லை.

"அக்கா" என்று ஒரே ஒரு குரல் வந்தது. தெரு முழுக்க நின்றது. எதிர்க்கடையில் இருந்த அத்தனை பேரும் யாருக்கோ அக்கா ஆன மாதிரித் திரும்பிப் பார்த்தார்களாம்.

நான் தலையைத் தூக்கவில்லை. லென்ஸ் சக்கரத்தில் இருக்கும்போது தூக்கக் கூடாது, விளிம்பு உடைந்துவிடும். அதை முடித்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது பஸ் போய்விட்டிருந்தது. கண் கலங்கியிருந்ததால் லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

"யாரு அது, இப்படிக் கத்திட்டுப் போறது?" என்றார் கடைக்காரர்.

இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் தம்பி பெண்டாட்டி என்றுதான் சொல்வேன்.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன்.